கொக்கிளாய்க் கரையில் குடியமர இடம் தேடுதல்

முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில், வடமாகாணத்தின் கரை முடியும் இடத்தில் கொக்கிளாய் இருக்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கொக்கிளாய்க் களப்பு. களப்பின் எதிர்க்கரை திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த புல்மோட்டை. வடக்கே நாயாறு. இந்த இரண்டு நீர்நிலைகளுக்கும் நடுவே கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் ஆகிய ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நிர்வாகத்தில் இவை கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டவை. மீன்பிடியும் வயலும் இரண்டும் கைகொடுக்கும் கரை இது. ஒரே வீட்டில் அண்ணன் தோணிக்கும் தம்பி வயலுக்கும் போவது இங்கே வழக்கமாக இருந்தது.

1984 டிசம்பரில் இந்த ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற நேர்ந்தது. முள்ளியவளை, சிலாவத்தை, அளம்பில் என்று அகதிகளாக இருந்தவர்கள், அங்கிருந்தும் பலமுறை இடம்பெயர்ந்தவர்கள், 2009இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் திரும்பத் தொடங்கினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் காடு மூடிக் கிடந்த நிலம் அது. போகும்போது ஒரு வளவில் ஒரு வீடாக இருந்த குடும்பம் திரும்பும்போது மூன்று, நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தது. ஆகவே இன்று கொக்கிளாய்ப் பக்கம் குடியமர இடம் தேடுவோரில் பெரும்பாலானோர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஊர் அவர்களுடையது, ஆனால் அந்த மண்ணில் மழை எப்படி இறங்கும், எந்தக் கிணறு எப்போது உவர்க்கும் என்ற அனுபவம் அவர்களுக்கு இல்லை. இடமாற்றத்தில் வரும் ஆசிரியர், தாதி, அலுவலர் குடும்பங்களின் நிலையும் அதுவே.

கரையோர ஊரில் ஒரு துண்டுக் காணி குடும்பத்துக்கு ஏற்றதா என்பதைச் சித்திரை மாதத்து ஒருநாள் பயணம் காட்டிக்கொடுக்காது. அப்போது கடல் அமைதியாக இருக்கும், களப்பு வற்றிக் கிடக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், பாதை காய்ந்திருக்கும். மார்கழி வெள்ளத்தில் ஒருமுறையும் ஆவணி வறட்சியில் ஒருமுறையும் அதே காணியைப் போய்ப் பார்ப்பதே முறை. அதற்கு வாய்ப்பில்லாதவர்கள் 1984க்கு முன் அங்கே வாழ்ந்த முதியவர் ஒருவரையாவது காணிக்கு அழைத்துப்போக வேண்டும். வெள்ளம் எந்தப் பனையடி வரைக்கும் வந்தது என்பதை அவர் விரல் நீட்டிக் காட்டுவார். எந்த வரைபடத்திலும் அது இல்லை.

முதலில் கடல். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் முல்லைத்தீவும் ஒன்று. முல்லைத்தீவு நகரக் கரையும் கள்ளப்பாடு போன்ற மீனவர் குடியிருப்புகளும் அன்று அழிந்தன. அதன் பின்னர் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள்ளும் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே தளர்த்தப்பட்டது. தடை தளர்ந்தாலும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயம். கடலோடு இணைந்த களப்புகளில், முகத்துவாரத்திலிருந்து உட்பக்கமாக 2 கிலோமீற்றர் வரை அந்த வலயம் நீளும். அதற்குள் கட்டடம் எழுப்ப கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கொக்கிளாய் முகத்துவாரத்தை ஒட்டிய காணிகளுக்கு இந்த விதி இரண்டு பக்கத்தாலும் பொருந்துகிறது. கடலுக்கு எட்ட இருக்கிறோம் என்று நினைப்பவர் களப்புப் பக்கத்தால் வலயத்துக்குள் அகப்படலாம்.

சட்டத்தைவிட முக்கியமானது மணல்மேடு. கரையோரம் நெடுக இருக்கும் மேட்டையும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் அடம்பன் கொடி, இராவணன் மீசை, தாழம்பற்றை ஆகியவற்றையும் கலைக்காத இடமே குடியிருப்புக்குப் பாதுகாப்பானது. தென்கிழக்கே யாலக் கரையில் கடல் தெரிவதற்காக மேடு குறைக்கப்பட்ட இடத்தின் வழியாக 2004இல் அலை உள்ளே பாய்ந்து ஒரு விடுதியை அழித்தது. மேடு குலையாத அயல் பகுதிகளில் சேதம் குறைவாக இருந்ததை ஆழிப்பேரலைக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீடு மேட்டின் முதுகிலும் வேண்டாம், மேட்டுக்கு முன்னாலும் வேண்டாம். மேட்டுக்குப் பின்னால், ஓடி உயர்ந்த தரைக்குப் போக ஒரு நேரான ஒழுங்கை இருக்கும் இடத்தில் இருக்கட்டும். வாடைக்காற்று மணலை அள்ளி வீசும் மாதங்களிலும் அந்த மறைப்பு உதவும்.

மணலைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனிமங்கள் உண்டு. அவற்றை எடுப்பதற்கென 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. அதே மணற்படிவு களப்பின் வடக்கே கொக்கிளாய்ப் பக்கமும் தொடர்கிறது. அங்கும் அகழ்வதற்கான முயற்சிகள் நடந்து, மக்களின் எதிர்ப்பையும் சந்தித்திருக்கின்றன. கடற்கரையை ஒட்டிய காணி எடுப்பவர் அந்தத் துண்டு கனிம அகழ்வுக்கு அளக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டறிவது நல்லது. ஐந்து ஆண்டுகள் கழித்து வீட்டைப் பெயர்க்கச் சொன்னால் பாதிக்கப்படுவது பிள்ளைகளின் படிப்பு.

கடலைவிடக் களப்புதான் ஆண்டுதோறும் வீட்டுப்படிக்கு வருவது. கொக்கிளாய்க் களப்பு சுமார் 30 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையது. மிக ஆழமான இடத்திலும் 3 மீற்றர் அளவே. பேராறு, மாஓயா முதலிய ஆறுகள் உள்நாட்டு வெள்ளத்தை அதில் கொண்டுவந்து கொட்டுகின்றன. கோடையில் முகத்துவாரத்தில் மணல் திரண்டு அடைத்துக்கொள்ளும். வடகீழ்ப் பருவமழை தொடங்கி, வாய் வெட்டுப்படும் வரைக்கும் உள்ளே நீர் ஏறிக்கொண்டே போகும். அந்த நாட்களில் களப்பைச் சூழ்ந்த தாழ்வான வளவுகள் மெல்ல நனையும். இந்த வெள்ளம் அலைபோல ஓடிவந்து அடிக்காது. வேலியோரத்தில் ஊறி, கிணற்றைக் கலக்கி, கழிப்பறைக் குழியை நிரப்பி, வாரக்கணக்கில் நிற்கும். 2018 டிசம்பர் இறுதியில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் ஒரே இரவில் பெய்த மழை ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பாடசாலைகளுக்கும் பொதுமண்டபங்களுக்கும் அனுப்பியது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் கரை கடந்தது கொக்கிளாய்க்குச் சற்றுத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்தின் வடகரையில்.

காணியின் உயரத்தை அறிய கருவி தேவையில்லை. கண்டலும் உவர்ப்புல்லும் வளரும் தரை வெள்ளத் தரை. பாலையும் வீரையும் முதிர்ந்து நிற்கும் தரை பொதுவாக மேட்டுத் தரை. பழைய வீட்டின் அத்திவாரமோ பழைய கோவிலோ இருக்கும் இடத்தை முன்னோர் காரணமில்லாமல் தெரிவுசெய்திருக்க மாட்டார்கள். புதிதாகக் காடு வெட்டிப் பகிரப்பட்ட வரிசைக் காணிகளில்தான் தாழ்நிலத் துண்டுகள் தெரியாமல் சேர்ந்துவிடுகின்றன. களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் கரையை மண்போட்டு மேடாக்கும் யோசனை சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும்.

தண்ணீர்தான் இந்தக் கரையில் குடும்பத்தின் நலத்தைத் தீர்மானிக்கும் காரியம். கடலோர மணலுக்குள் மழைநீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையாக நிற்கிறது. நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் தாங்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. அந்தக் கணக்கு மறுபக்கமும் வேலைசெய்யும்: மேலே கொஞ்சம் இறைத்தால் கீழிருந்து உவர் பல மடங்கு ஏறிவரும். இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த ஒடுங்கிய தரையில் இந்தப் படை இன்னும் மெல்லியது. ஆகவே ஆழக் கிணறும் பெரிய பம்பும் இங்கே உதவாது. ஆழம் குறைந்த, அகன்ற கிணற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுவதே தண்ணீரைக் காக்கும். பக்கத்து வளவுக்காரர் தோட்டத்துக்குப் பகல் முழுக்க இறைத்தால் நமது கிணறும் உவர்க்கும் என்பதால், அயலில் உள்ள கிணறுகளின் பாவனையையும் பார்த்துத்தான் காணியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

சோதனை எளிது. ஆவணி, புரட்டாதி மாதங்களில் மூன்று அயல்வீடுகளின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, அந்தத் தண்ணீரில் சோறு வெந்து எப்படி வருகிறது, தேநீர் கருக்கிறதா என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டால் போதும். அதன்பின் ஒரு போத்தல் நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாகவோ நீர்வழங்கல் சபை வழியாகவோ பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நாக்குக்குத் தெரியாத கேடும் உண்டு. வன்னியின் உட்பகுதிகளில், குறிப்பாக வவுனியா, வெலிஓயாப் பக்கம், காரணம் முழுதாகத் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைத் தாக்கியிருக்கிறது. வன்மையும் புளோரைட்டும் மிகுந்த தண்ணீர் மீது ஆய்வாளர்களின் சந்தேகம் நெடுநாளாக இருக்கிறது. வளரும் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு தாளில் எழுதி வாங்குவது வீண் செலவு அல்ல. மழைநீர்த் தொட்டி கட்டும் வசதி இருந்தால் அதையும் முதல் ஆண்டிலேயே கட்டிவிட வேண்டும். கூரைத் தண்ணீர் உவர்க்காது.

கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி என்பது நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மணல் தரையில் அழுக்குநீர் வேகமாக ஓடுவதால் அதற்கும் கூடுதலாக விட்டால் நல்லது. கால் ஏக்கர் வளவுகள் நெருங்கி இருக்கும் குடியேற்றத் திட்டத்தில் நம்முடைய குழியை மட்டும் அளந்தால் போதாது. அடுத்த வீட்டுக் குழி நமது கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதும் அதே அளவு பொருள் உடையது.

காணிக் கடதாசி விடயத்தில் கொக்கிளாய்க் கரை மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. இங்கே உறுதிக் காணிகளும் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளும் உண்டு. போதாக்குறைக்கு 1988இல் மணலாறு (வெலிஓயா) பகுதி மகாவலி 'எல்' வலயமாக அறிவிக்கப்பட்டது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களின் பழைய வயல்களில் ஒரு பகுதி அந்த வலயத்துக்குள் போய், வேறு குடியேற்றவாசிகளுக்குப் பகிரப்பட்டது. தங்கள் அனுமதிப்பத்திரம் கையில் இருக்க, அதே வயலை வேறொருவர் விதைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். இந்த அநியாயம் தீராமல் மீள்குடியேற்றம் முழுமை பெற்றதாகச் சொல்ல முடியாது. 2018இல் முல்லைத்தீவில் இதற்காக மக்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். மகாவலி போதாதென்று வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் தம் எல்லைக் கற்களோடு வருகின்றன. நாயாறு 2017இல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

எனவே ஒரே காணியைப் பற்றிப் பிரதேச செயலகத்திலும் மகாவலி அலுவலகத்திலும் வனத்துறைகளிலும் தனித்தனியே விசாரிக்க வேண்டியிருக்கிறது. பிரதேச செயலகத்துக் காணிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதைப் பார்ப்பதே முதல் வேலை. இடப்பெயர்வில் அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தாலும் அந்தப் பதிவு சான்றாகும். அனுமதிப்பத்திரக் காணியை விருப்பம்போல் விற்கவோ வாங்கவோ முடியாது. கையெழுத்து மட்டும் வைத்த ஒரு தாளை நம்பிப் பணம் கொடுத்துக் குடியேறுவது குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தும். தனியார் காணியில் பத்தாண்டு தடையின்றி இருந்தவர் உரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். ஆனால் போரால் தமது காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து விலக்கக் கோரி, குறித்த தவணைக்குள் வழக்குத் தொடுக்க அது இடம் கொடுத்தது. தாத்தாவின் உறுதியை வைத்திருப்பவர் தமது நிலை என்ன என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறிந்த பிறகே வேலி போட வேண்டும்.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் மிகுதி. அனுமதிப்பத்திரக் காணியின் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022இல் சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. மகளுக்கோ தனித்து நிற்கும் தாய்க்கோ காணி மாற்றம் கேட்கும்போது பழைய வழக்கத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டலாம். வீட்டுத் திட்ட உதவியும் காணிக் கடதாசியைப் பொறுத்தே கிடைக்கிறது. 2012இல் வடக்கு, கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா தவணை தவணையாகப் பயனாளியின் கைக்கே வந்தது. காணிப் பிணக்கில் இருந்த குடும்பங்கள் இப்படியான திட்டங்களில் பின்தள்ளப்பட்டன.

பாதையும் தூரமும் அடுத்தவை. முல்லைத்தீவிலிருந்து சிலாவத்தை, அளம்பில், செம்மலை வழியாக நாயாற்றைக் கடந்து வரும் கரைப்பாதைதான் இவ்வூர்களின் முதுகெலும்பு. மாவட்டப் பொது வைத்தியசாலை இருப்பது மாஞ்சோலையில். அங்கே போகவும் நாயாற்றைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் இந்தக் கடவை எப்படி இருக்கிறது என்பது, கர்ப்பிணியோ கைக்குழந்தையோ முதியவரோ உள்ள குடும்பத்துக்கு வீட்டின் அறைகளைவிட முக்கியம். 1990 நோயாவண்டிச் சேவை நாடு முழுதும் உண்டு என்றாலும், வண்டி வாசலுக்கு வரவேண்டுமானால் ஒழுங்கை மார்கழியிலும் சில்லுப் புதையாத தரையாக இருக்க வேண்டும். பாம்புக்கடி மிகுந்த பிரதேசத்தில் இது வெறும் வசதி அல்ல. தெற்கே புல்மோட்டை முகத்துவாரத்துக்கு அப்பால் கண்ணுக்கு முன்னே தெரிகிறது. தரைவழியே போகக் களப்பைச் சுற்ற வேண்டியதால் எதிர்க்கரைக்குப் படகில் போய்வருவது பழைய வழக்கம்.

படிப்பைப் பொறுத்தவரை, சின்ன வகுப்புகளுக்கு ஊர்ப் பாடசாலைகள் போதும். முன்பள்ளிக்கும் ஆரம்பப் பாடசாலைக்கும் பிள்ளை நடந்தே போகக்கூடிய காணி, ஏக்கர் கணக்கில் பெரிய காணியைவிட மேலானது. உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் முல்லைத்தீவு, முள்ளியவளைப் பக்கம் போக நேரிடும். முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரி போன்ற பாடசாலைகளுக்குத் தினமும் போய்வருவது பிள்ளையின் பாதிநாளைப் பாதையிலேயே தின்றுவிடும். உறவினர் வீட்டிலோ விடுதியிலோ நிற்கவைக்க முன்கூட்டியே திட்டமிட வேண்டும். காலைப் பேருந்து எத்தனை மணிக்கு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மழையில் அது வருமா என்ற மூன்றையும் பாதையோரக் கடைக்காரர் சரியாகச் சொல்வார்.

இனி அயல். கொக்கிளாய் முகத்துவாரத்திலும் நாயாற்றிலும் தென்பகுதிச் சிங்கள மீனவர்களின் வாடிகளும் குடியிருப்புகளும் உண்டு. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து பருவத்துக்கு வருவோர் பலர். கரைவலைப் பாடு யாருடையது, ஒளிபாய்ச்சி மீன்பிடிப்பது சரியா என்பன இங்கே அடிக்கடி மோதலாக வெடித்திருக்கின்றன. தொழில் செய்யும் குடும்பம் முதலில் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்துவம் பெற வழி இருக்கிறதா, களப்பில் இறால் பிடிக்கவும் கரையில் தோணி ஏற்றவும் இடம் கிடைக்குமா என்று அறிய வேண்டும். வீடு நல்ல மேட்டில் இருந்தும் தோணி கட்ட இடமில்லை என்றால் அந்தக் குடும்பம் ஓராண்டு தாண்டி அங்கே இருக்காது. அதேபோல, தனித்த காணியைவிடச் சொந்தக்காரரோ பழைய அயலவரோ கூப்பிடு தூரத்தில் இருக்கும் காணியே மேல். ஆண்கள் இரவில் கடலுக்குப் போன பிறகு பெண்ணும் பிள்ளைகளும் தனித்திருக்கும் வீடுகள் இவை. மாதர் அபிவிருத்திச் சங்கமும் கோவிலும் முன்பள்ளியும் இயங்கும் வட்டாரத்தில் அந்தத் தனிமை பாதியாகக் குறைகிறது.

காட்டோரக் காணிகளுக்கு இரண்டு கவலைகள் கூடுதலாக உண்டு. ஒன்று யானை. வயல் முற்றும் காலத்தில் அது வீட்டுக்கும் வரும். நெல்லைப் படுக்கையறையில் அடுக்கி வைப்பது ஆபத்து. மின்வேலி எங்கே முடிகிறது, அதைப் பராமரிப்பவர் யார் என்று கேட்க வேண்டும். மற்றது போர் விட்டுச் சென்றது. கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் நடக்கிறது. இலங்கை அதை முடிக்க ஏற்றுக்கொண்ட காலக்கெடு 2028 ஜூன். மக்களிடம் கையளிக்கப்பட்ட காணியாக இருந்தாலும், புதிதாகப் பற்றைக்காடு வெட்டுவதற்கோ ஆழக் கிண்டுவதற்கோ முன் கிராம அலுவலரிடம் துப்புரவுச் சான்று பற்றிக் கேட்பது கட்டாயம். கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 50க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் குடும்பங்கள் வாழும் மண்ணில், கிண்டும்போது அப்படி எதுவும் தெரிந்தால் கைவைக்காமல் நிறுத்தி உடனே அறிவிப்பது சட்டக் கடமை மட்டுமல்ல.

எல்லாம் பொருந்திய பின்னும் குடும்பம் ஒரே நாளில் பெயர்ந்து வருவது அரிது. பலர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: தை பிறந்து மழை ஓய்ந்ததும் பெரியவர் ஒருவரோ இருவரோ முதலில் வந்து கொட்டில் போட்டு, வேலி அடைத்து, கிணறு வெட்டுவது, அந்தக் கோடையில் தண்ணீரையும் அடுத்த மாரியில் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு அத்திவாரம் போடுவது, தென்னம்பிள்ளைகளை அதற்குள் நட்டுவிடுவது. கழிப்பறையும் மின்சாரமும் வந்த பின்னர், பாடசாலைத் தவணை மாறும் நேரத்தில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். வாக்காளர் பதிவையும் குடும்ப அட்டையையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். பழைய இடத்தில் பெயர் இருக்கும்வரை வீட்டுத் திட்டமும் நிவாரணமும் புதிய முகவரிக்கு வராது. முள்ளியவளையிலோ சிலாவத்தையிலோ இருக்கும் பழைய வீட்டை முதல் இரண்டு மாரிக்காவது கைவிடாமல் வைத்திருப்பவர்கள், நாயாற்றுக் கடவை மூடிய நாட்களில் பிள்ளைகளையும் முதியோரையும் தங்கவைக்க ஓர் இடம் உடையவர்களாகிறார்கள்.